மேய்ச்சல் உரிமை: மந்தையின் தடத்தைக் காகிதத்தில் ஏற்றுவது

மந்தை ஓராண்டில் நடந்து முடிக்கும் வட்டம்தான் மேய்ச்சல் குடிகளின் நிலம். வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் மாடு காட்டுக்குள் இருக்கும். அறுவடை முடிந்ததும் கீழே இறங்கித் தாள் மேயும். உழவர் கேட்ட கொல்லையில் கிடை கிடக்கும். மழை பிடித்ததும் மறுபடி மேலே ஏறும். தேனி மாவட்டத்து மலைமாடும், ஈரோடு மாவட்டம் அந்தியூர் வட்டத்தில் பர்கூர் மலையின் செம்மறை மாடும், நீலகிரியில் தோடர்களின் எருமையும் இப்படி ஏதோ ஒரு வட்டத்தில் வாழ்பவை. நில ஆவணங்களின் கண்ணுக்கு இந்த வட்டம் தெரிவதில்லை. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் சர்வே எண், எல்லைக்கல், பட்டாதாரர் பெயர். ஆண்டில் நான்கு மாதம் மட்டும் ஓரிடத்தில் பட்டி போடுகிறவர், அதிகாரி வந்து பார்க்கும் நாளில் பெரும்பாலும் அங்கே இருக்க மாட்டார். இல்லாதவர் என்றே எழுதப்பட்டுவிடுவார். காப்புக்காடு அறிவித்தபோதும், சரணாலயம் அறிவித்தபோதும், பெரிய திட்டங்களுக்கு நிலம் எடுத்தபோதும் இவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டதற்கு முதற்காரணம் இதுதான்.

இந்தக் குறையை ஓரளவு தீர்க்க இந்தியாவில் இன்று கையில் இருக்கும் வலுவான கருவி வன உரிமைச் சட்டம், 2006. பழங்குடிகளுக்கு மட்டுமான சட்டம், வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் பட்டா கொடுக்கும் சட்டம் என்றே பலர் அதை நினைத்திருக்கிறார்கள். அலுவலர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. சட்டத்தின் 3(1)(d) பிரிவு மேய்ச்சலைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. ஓரிடத்தில் தங்கி மேய்ப்பது, இடம்பெயர்ந்து மேய்ப்பது இரண்டுமே உரிமை என்கிறது. நாடோடி, மேய்ச்சல் சமூகங்கள் பருவந்தோறும் காட்டின் வளங்களை நாடி வரும் மரபையும் சேர்த்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமானது 2(a) பிரிவு. ‘சமூக வன வளம்’ என்றால் என்ன என்று விளக்கும் அந்தப் பிரிவு, ஊரின் மரபு எல்லைக்குள் இருக்கும் பொதுக்காட்டைச் சொல்லிவிட்டு, மேய்ச்சல் சமூகமாக இருந்தால் அவர்கள் பருவத்துக்கேற்பப் பயன்படுத்தும் நிலப்பரப்பும் அதில் அடங்கும் என்கிறது. காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாமே அதற்குள் வரும். மந்தை நடக்கும் வட்டத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் முதல் பெயர் இது.

உரிமை கோர வேண்டியது இரண்டு படிவங்களில். மேய்க்கவும் தண்ணீர் காட்டவும் வழிநடைக்குமான உரிமைக்கு ‘பி’ படிவம். அந்தக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமைக்கு, அதாவது 3(1)(i) பிரிவுக்கு, ‘சி’ படிவம். பலர் ‘பி’ படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றால் மேய்க்கும் உரிமை கிடைக்கும். எங்கே எப்போது மேய்ப்பது, எந்தச் சரிவை ஓராண்டு தரிசாக விடுவது என்ற முடிவு வேறொருவர் கையில் இருக்கும். இரண்டையும் சேர்த்தே போடுவது நல்லது. படிவங்களை இலவசமாகக் கொடுப்பது கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவின் கடமை.

யார் கோரலாம்

பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்தக் காட்டை நம்பி வாழ்ந்திருந்தால் போதும். மற்றவர்கள், அதே தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் மாடு, ஆடு மேய்ப்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பட்டியலில் இல்லை. பர்கூர் மலையிலேயே பழங்குடியினரான சோளகரும், பட்டியலில் இல்லாத லிங்காயத்துகளும் பக்கத்துப் பக்கத்தில் மாடு வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்த 75 ஆண்டு நிபந்தனைதான் பலரை மனு போடவிடாமல் பயமுறுத்துகிறது. அவ்வளவு பயம் தேவையில்லை. குறிப்பிட்ட சர்வே எண்ணில் 75 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. காட்டுக்கு உள்ளே வீடு இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிழைப்புக்குக் காட்டை நம்பியிருப்பவர்களும் அடங்குவர் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2008-லேயே விளக்கிவிட்டது. 1930-க்கு முன்பிருந்தே அந்தச் சமூகம் அந்த மலையடிவாரத்தில் மாடு வைத்திருந்தது என்று காட்டினால் போதும்.

பருவ வரைபடம்

மனு எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் இதற்குத்தான் அதிக நாள் கொடுக்க வேண்டும். கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுவினரும் மேய்ச்சல்காரர்களில் வயது மூத்தவர்களும் ஒரு திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து, சித்திரை தொடங்கிப் பங்குனி வரை மாதம் மாதமாகக் கேட்டு எழுத வேண்டும். இந்த மாதம் மாடு எங்கே நிற்கும்? தண்ணீர் எந்தச் சுனையில்? பட்டி எங்கே? அந்த இடத்துக்குப் பெயர் என்ன? கேட்கத் தொடங்கினால் ஒரு மலைச்சரிவில் முப்பது, நாற்பது பெயர்கள் வரும். பாறைக்கு ஒரு பெயர், மடுவுக்கு ஒரு பெயர், பாதை பிரியும் இடத்து மரத்துக்கு ஒரு பெயர், பிரசவித்த பசுவை வைத்துக்கொள்ளும் மேட்டுக்கு ஒரு பெயர். வனத்துறை வரைபடத்தில் அந்தப் பரப்பு முழுவதும் ஒரே ஒரு பகுதி எண்ணாக இருக்கும். பெயர்ப் பட்டியலே ஒரு சான்று. பழகாத இடத்துக்கு யாரும் அத்தனை பெயர் வைப்பதில்லை.

அடுத்தது நேரில் நடப்பது. மந்தை போகும் வழியிலேயே போக வேண்டும். குறுக்கு வழி கூடாது. பழைய பட்டி கிடந்த இடத்தைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். சாணமும் மூத்திரமும் ஊறிய மண் சுற்றியிருக்கும் மண்ணைவிடக் கறுத்துக் கிடக்கும். முள்வேலி மக்கிப் போயிருந்தாலும் நட்ட குச்சிகளில் சில துளிர்த்து வட்டமாக மரங்கள் நிற்கும். நடுவில் அடுப்புக்கல், ஓரத்தில் காவல் சாமிக்கு நட்ட கல் இருக்கும். ஒவ்வொன்றையும் கைபேசியில் இருப்பிடக் குறிப்போடு படம் எடுத்து, படத்தின் பின்னால் இடத்தின் பெயர், மாதம், யார் பட்டி என்று எழுதி வைக்க வேண்டும். வனத்துறை, வருவாய்த்துறை வரைபடங்களையும் வாக்காளர் பட்டியலையும் கிராம சபைக்குக் கொடுப்பது உட்கோட்டக் குழுவின் வேலை என்று வன உரிமைச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் விதி 6 சொல்கிறது. எழுத்தில் கேட்டு, கேட்ட கடிதத்துக்கு ஒப்புகை வாங்க வேண்டும்.

வரைபடத்தில் பரப்பை மட்டும் வண்ணம் தீட்டிவிட்டுப் பாதையை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. மேய்ச்சல் நிலத்துக்கு உரிமை கிடைத்து, அங்கே போகும் வழியில் வேலி விழுந்தால் அந்த உரிமையால் பயன் இல்லை. வழித்தடம், இடைத்தங்கல், தண்ணீர்த்துறை மூன்றையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். மாடு, செம்மறி, வெள்ளாடு எவ்வளவு என்பதையும் பிரித்து எழுதுவது நல்லது. வெள்ளாட்டுக்கு வனத்துறையின் எதிர்ப்பு எப்போதும் கடுமையாக இருக்கும். எல்லாவற்றையும் ‘கால்நடை’ என்று ஒரே சொல்லில் எழுதினால் அந்த எதிர்ப்பு மாட்டின் மீதும் விழும்.

சான்றுகள்

விதி 13 சான்றுகளின் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட ஒரு வகைச் சான்றுதான் வேண்டும் என்று எந்தக் குழுவும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்று 2012-இல் சேர்க்கப்பட்ட விதி 12ஏ தெளிவாக்கியிருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்று சொல்லி மட்டும் ஒரு மேய்ச்சல் மனுவைத் தள்ள முடியாது. மாடு நடந்த தடம் விண்ணிலிருந்து தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பொருந்தாது.

மேய்ச்சல் குடிகளிடம் இருக்கும் மிகச் சிறந்த காகிதம் பழைய ‘பாஸ்’, அதாவது மேய்ச்சலுக்கு வனத்துறை பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த அனுமதிச் சீட்டு. தகரப் பெட்டியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் தேடினால் தாத்தா காலத்துச் சீட்டு கிடைப்பதுண்டு. அபராத ரசீதும் அதே அளவுக்குப் பயன்படும். காட்டுக்குள் மாடு விட்டதற்காகக் கட்டிய அபராதம், அந்தத் தேதியில் அந்த மாடு அங்கே இருந்தது என்பதற்கு அரசே கையெழுத்திட்டுக் கொடுத்த சாட்சி. அவமானமாக நினைத்துக் கிழித்துப் போடுவார்கள், கிழிக்கக் கூடாது. கால்நடை மருந்தகத்தில் கோமாரித் தடுப்பூசி போட்ட பதிவு, கால்நடைக் கணக்கெடுப்பு, கடன் சங்கத்தில் மாட்டுக்கு வாங்கிய கடன் இவையும் உதவும்.

ஊரில் எதுவும் கிடைக்காவிட்டால் ஆவணக் காப்பகங்களில் தேடலாம். 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் கீழ் காடுகளை ஒதுக்கியபோது நிர்ணய அலுவலர் விசாரித்து எழுதிய குறிப்புகள், அரசிதழில் வந்த அறிவிக்கைகள், வனத்துறையின் பணித்திட்டங்கள், மாவட்டக் கையேடுகள் ஆகியவற்றில் மேய்ச்சலைப் பற்றிய வரிகள் இருக்கும். லிட்டில்வுட் என்ற அதிகாரி 1936-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலில் பர்கூர் மாடு இடம்பெற்றிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பக்கத்தின் நகல் 75 ஆண்டுக் கணக்கைப் பெருமளவு தாங்கிவிடும். மனுதாரர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குவதும் விதி ஏற்கும் சான்றுதான். ஆனால் நான்கு முதியவர்களின் வாக்குமூலம் ஒரே வாசகத்தில் இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அவரவர் சொன்னதை அவரவர் பேச்சிலேயே எழுத வேண்டும்.

கிராம சபையும் சரிபார்ப்பும்

கிராம சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். உரிமைக் கோரிக்கை மீது தீர்மானம் போடும் கூட்டத்தில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மனுதாரர்களிலும் பாதிப் பேர். இந்த எண்ணிக்கை குறைந்ததைக் காட்டியே நல்ல மனுக்கள் திரும்பி வந்திருக்கின்றன. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் வேலையை ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படைப்பது அவசியம்.

மந்தை மேலே ஏறிவிட்ட மாதத்தில் கிராம சபை கூடினால் மேய்ச்சல்காரர் எப்படி வருவார்? சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். மேய்ச்சல் சமூகத்தினரின் மனுவை அவர்களோ அவர்களுடைய பிரதிநிதிகளோ இருக்கும் காலத்தில்தான் சரிபார்க்க வேண்டும் என்று விதி 12 கட்டளையிடுகிறது. மனுவிலேயே ‘சரிபார்ப்புக்கு உகந்த மாதங்கள்’ என்று தனியாக ஒரு வரி எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரி எழுதாததால் இழந்த உரிமைகள் ஏராளம். வேறு மாதத்தில் ஆள் வந்து பார்த்துவிட்டு ‘பட்டி இல்லை’ என்று எழுதினால், இந்த வரியைக் காட்டி மறு சரிபார்ப்புக் கேட்கலாம்.

சரிபார்ப்பு நாளில் வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் நேரில் வந்து, நடவடிக்கைக் குறிப்பில் பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டும். அவர்கள் வராமல் இருந்துவிட்டுப் பின்னால் ஆட்சேபித்தால் மனு மறுபடி கிராம சபைக்கு வரும். இரண்டாம் முறையும் வராவிட்டால், களச் சரிபார்ப்பில் கிராம சபை சொன்னதே முடிவு. ஆகவே அழைப்பை எழுத்தில் அனுப்பி ஒப்புகையைக் கோப்பில் வைப்பது எந்த வாதத்தையும்விட வலுவானது.

ஒரே காட்டைப் பல ஊர்கள் பயன்படுத்தினால் அந்தந்த ஊர்களின் வன உரிமைக் குழுக்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசி, தத்தம் கிராம சபைக்கு எழுத வேண்டும். பேச்சு முறிந்தால் உட்கோட்டக் குழு முடிவு செய்யும். மேய்ச்சல் மனுவில் இது அடிக்கடி வரும் சிக்கல். மேலே இருக்கும் பழங்குடிக் குடியிருப்பும் கீழேயிருந்து வரும் மந்தையும் ஒரே சுனையை நம்பியிருக்கும். பழங்குடியினரிடம் முதலில் போய்ப் பேசாமல் போட்ட மனு முறையும் அல்ல, நிற்பதும் இல்லை. மாவட்டம் தாண்டும் தடங்களுக்கு மாவட்டக் குழுக்கள் ஒன்றோடொன்று கலந்து முடிவெடுக்க வேண்டும்.

கிராம சபையின் தீர்மானம் கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். தள்ளுபடி என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபை, உட்கோட்டக் குழு ஆகியவற்றின் முடிவை எதிர்த்து மேலே முறையிட 60 நாள்; மாவட்டக் குழுவின் முடிவே இறுதி. வாய்மொழியாக ‘ஆகாது’ என்று சொல்லி அனுப்பினால் இந்த 60 நாள் எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் போய்விடும். உத்தரவைக் காகிதத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

சரணாலயமும் புலிகள் காப்பகமும்

கடும் மோதல் நடப்பது இங்கேதான். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, அதே மாதத்தில் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. அடிவாரத்து ஊர்களில் பலர் அந்த முதல் உத்தரவை மட்டும் கேள்விப்பட்டு மாட்டை விற்றார்கள். மற்றக் காப்புக்காடுகளுக்கு அந்தத் தடை இல்லை என்பதை ஒவ்வொரு மேய்ச்சல்காரரும் அறிந்திருக்க வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நிலைமை என்ன? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 தேசியப் பூங்காவில் மேய்ச்சலை அடியோடு தடுக்கிறது. சரணாலயத்தில் முதன்மை வன உயிரினக் காப்பாளர் அதை ஒழுங்குபடுத்தலாம், தடுக்கலாம். 34 ஆண்டுக்குப் பின் வந்த வன உரிமைச் சட்டமோ, வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் இந்த உரிமைகள் உண்டு என்று 4(1) பிரிவில் தொடங்கி, சரணாலயத்தையும் தேசியப் பூங்காவையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. வன உயிர்களுக்காக உரிமையை மாற்ற வேண்டுமானால் 4(2) பிரிவு பல நிபந்தனைகளை வைக்கிறது. முதலில் உரிமைகளை அங்கீகரித்து முடிக்க வேண்டும். அங்கே மக்கள் இருப்பதால் மீளாத சேதம் வரும் என்று நிறுவ வேண்டும். சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும். கிராம சபையின் சுதந்திரமான சம்மதம் வேண்டும். மனு நிலுவையில் இருக்கும்போது வெளியேற்றக் கூடாது என்று 4(5) பிரிவு தடுக்கிறது. பர்கூர் மலையைத் தொட்டிருக்கும் கர்நாடகப் பகுதியில், பிலிகிரி ரங்கன மலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளிகர்களுக்குச் சமூக வன உரிமை 2011-இல் அங்கீகரிக்கப்பட்டது. முடியாது என்று சொல்பவர்களுக்கு அதைக் காட்டலாம். இத்தனை இருந்தும், நீதிமன்றத் தடை நிற்கும் இடத்தில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் வழக்கில் மாட்டிக்கொள்வது வழியல்ல. மனுவைப் பதிவு செய்து, எண்ணை வாங்கி, அதன் பேரில் உரிய இடத்தில் முறையிடுவதே காப்பு.

மேய்ச்சலால் காடு அழியும் என்ற வாதத்துக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். எல்லாக் காட்டிலும் எவ்வளவு மாடும் மேயலாம் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் மிகுந்தால் புல் அழியும், வீட்டு மாட்டின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும். ஆனால் மேய்ச்சலை நிறுத்திவிட்டால் காடு தானாகத் தழைக்கும் என்பதும் உண்மையல்ல. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தைத் தேசியப் பூங்காவாக்கி 1980-களின் தொடக்கத்தில் எருமைகளைத் தடுத்தார்கள். எதிர்த்த கிராமத்தினர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு புல் சதுப்பு நிலத்தில் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்குத்தான் கேடு என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு கண்டது. எருமை மேய்ந்ததும் அந்தச் சதுப்பின் வாழ்வில் ஒரு பங்கு என்பதைப் பார்க்காமல் விட்டதற்குக் கொடுத்த விலை அது. மனுவோடு இணைக்கும் குறிப்பில் மந்தையின் அளவு, சுழற்சி, ஓய்வு விடும் சரிவுகள் ஆகியவற்றை எழுதினால் இந்த விவாதம் உணர்ச்சியிலிருந்து கணக்குக்கு வரும்.

காட்டுக்கு வெளியே

கீழ் நிலத்தில் வன உரிமைச் சட்டம் செல்லாது. ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கிடை போடும் வயல்கள் பட்டா நிலம். அங்கே உழவரோடு செய்யும் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். ஊர்ப் பொதுவான மேய்க்கால் புறம்போக்கு வேறு கதை. அ-பதிவேட்டிலும் கிராமக் கணக்கிலும் அது எந்த சர்வே எண்களில் இருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம். பொது நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28-இல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. திட்டத்துக்காக நிலம் எடுத்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்தினால், அங்கே கால்நடைக்குக் குடிநீரும் மேய்ச்சல் நிலமும் தர வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்கிறது. மறுகுடியமர்வுப் பேச்சில் வீட்டுமனையைப் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

உரிமைப் பத்திரம் கைக்கு வந்த பிறகு

பத்திரம் வந்ததும் அதில் எழுதியிருக்கும் எல்லை, பருவம், நிபந்தனை மூன்றையும் மனுவோடு ஒப்பிட வேண்டும். கேட்டது வழித்தடத்தோடு சேர்ந்த நிலப்பரப்பு, வந்தது சில ஹெக்டேர் என்றால் அது பகுதித் தள்ளுபடி; அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கிராம சபை, காட்டின் பாதுகாப்புக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு குழுவை அமைத்து, தீ காப்பது, உண்ணிச்செடியை அகற்றுவது, வெளியாள் மந்தையை அனுமதிப்பதா என்பது போன்றவற்றை எழுதி வைக்க வேண்டும். அங்கீகரித்த உரிமையை இறுதி வரைபடத்தோடு வருவாய், வனப் பதிவேடுகளில் மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பதும் விதி. நான்காம் மாதம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் போய்ப் பதிவின் நகலைக் கேட்க வேண்டும். ஏற்றவில்லை என்றால் ஆட்சியருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதன் ஒரு படியைப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். அடுத்து அந்தச் சரிவுக்கு ஒரு திட்டம் வரும்போது அலுவலர்கள் முதலில் திறப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.